ஆசிரியரை ஆக்குவோம்

பள்ளிக்கூடம் கட்டுவது எளிது. ஆசிரியரை ஆக்குவதே அரிது. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார். அங்கே கற்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1852இல் கோப்பாய்ப் போதனா வித்தியாசாலையில் ஆசிரியரானார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராயினார். ஆறுமுக நாவலரோ 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, தம்மிடம் கற்றோரையே ஆசிரியராக்கினார். சமயத்தால் எதிரெதிர் நின்ற இவ்விரு சாராரும் ஒன்றில் உடன்பட்டனர்: மண்ணின் மைந்தனே அம்மண்ணின் ஆசானாதல் வேண்டும்!

மலையகத் தமிழனுக்கு நேர்ந்தது என்ன? 1907ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி அறை ஒதுக்கும் கடமையைத் தோட்டத்துரையின் தலையில் வைத்தது. அறை வந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தாரா? தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசின் கைக்கு வந்ததே 1970களில்தான். மலையகத்தின் ஆசிரியர் பஞ்சத்தைத் தீர்க்கவெனப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது 1990களின் தொடக்கத்தில். கோப்பாய்க்கும் பத்தனைக்கும் இடையே ஏறத்தாழ 140 ஆண்டுகள்!

கேகாலை மாவட்டத்துக் கரவனெல்லப் பகுதியை நோக்குவோம். விடியுமுன் தாயும் தந்தையும் இறப்பர்ப் பால் வெட்டப் புறப்படுகின்றனர். பிள்ளையின் கல்விக்கு ஆசிரியரையன்றி வேறு துணையில்லை. வெளியூரிலிருந்து வரும் ஆசிரியரோ இடமாற்றத்தை எதிர்பார்த்திருக்கிறார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. அவர் வீடு தொலைவில் உள்ளது.

உள்ளூர்ப் பிள்ளை ஆசிரியராகலாமே என்பீர். கல்வியியல் கல்லூரி புக உயர்தரத் தேர்ச்சி வேண்டும். ஆசிரியரின்றி உயர்தரமில்லை, உயர்தரமின்றி ஆசிரியரில்லை. இச்சுழலை அறுப்பது யார்?

அரசை நாம் கேட்பது சலுகையன்று, உரிமை. கேகாலை, இரத்தினபுரித் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் பயிற்சியில் தனி இடம் ஒதுக்குக. பயிற்சி முடித்தோரை அவர்தம் ஊர்ப் பாடசாலைகளிலேயே நியமிக்குக.

நம்மவரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. படித்தோரே, விடுமுறையில் ஒரு திங்களேனும் அங்கு சென்று கணிதமும் விஞ்ஞானமும் கற்பியுங்கள். உழவர் பெருமக்களே, உயர்தரம் பயிலும் ஒரு தோட்டப் பிள்ளைக்கு உங்கள் இல்லத்தில் இடமளியுங்கள். விதைநெல்லைப் பேணாதவன் விளைச்சலைக் காணான் என்பதை நீங்கள் அறியாததன்று. நாளைய ஆசிரியரே ஒரு சமூகத்தின் விதைநெல். அதைக் காப்பது நம் கடன்.