சிக்ஸர் பொறப்புலயே வருமா? - ஒரு காஜி பிரச்சனை

ஞாயிற்றுக்கிழமை காலையில் காத்திவாக்கம் பக்கம் போய்ப் பாருங்கள். எங்காவது ஒரு டென்னிஸ் பால் மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும். ஆறு ஓவரோ எட்டு ஓவரோ, பெட் காசு ரெண்டு டீமும் போட்டது. ஒருத்தன் இறங்குவான். முதல் பந்தை ஒரு சுத்து சுத்துவான், மாட்டாது. ரெண்டாவது எட்ஜ். மூணாவது நேராக வானத்துக்கு ஏறி மிட்விக்கெட்டில் நிற்பவன் கையில் விழும். அவ்வளவுதான், அடுத்த ஞாயிறு வரை அவன் கையில் பேட் கிடையாது. கேப்டன் உடனே தீர்ப்பு சொல்வான்: "அவனுக்கு அடி வராது மச்சி. அதெல்லாம் பொறப்புலயே இருக்கணும்."

வட சென்னையில் பாதி பேட்ஸ்மேன்களைக் காலி பண்ணியது பவுலர்கள் இல்லை, இந்த ஒரு டயலாக் தான்.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆறு ஓவர் என்றால் 36 பந்து. அதை ஓப்பனிங் இறங்கும் நாலு பேர் தின்றுவிடுவார்கள். ஏழாவதாக இறங்குகிறவனுக்கு வாரத்துக்கு மூணு பந்து கிடைத்தால் பெரிய விஷயம். வருஷத்துக்கு 52 ஞாயிறு, மழை, பரீட்சை, கல்யாணம் எதுவும் இல்லாமல் ஆடினாலும் 156 பந்து. ஒருத்தன் ஒரே சாயங்காலத்தில் அடிக்க வேண்டிய எண்ணிக்கை அது! வருஷம் முழுக்க அவ்வளவுதான் அடித்தவனைப் பார்த்து "திறமை இல்லை" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

தெருவில் ஆடினால் இன்னும் மோசம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ரயில், நடுவில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசை. மிச்சம் இருக்கிற சந்தில் "வீட்டுக்குள்ள போனா அவுட்", "ஒன் பிட்ச் கேட்ச்" என்று ஆயிரம் சட்டம். ஓங்கி அடித்தால் அவுட் என்கிற சட்டத்தில் வளர்ந்தவனிடம், பெரிய மேட்ச்சில் ஓங்கி அடிக்கவில்லை என்று கோபப்படுகிறார்கள்.

டென்னிஸ் பால் கிரிக்கெட்டிலிருந்து இந்திய டீம் வரைக்கும் போன தமிழ்நாட்டுக்காரர்கள் யார் என்று கேட்டால் சட்டென்று வாயில் வருவது ரெண்டு பெயர். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியா டூரில் மூணு ஃபார்மட்டிலும் அறிமுகம் ஆனவர். அடுத்து வருண் சக்ரவர்த்தி, ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுவிட்டு வந்தவர். ரெண்டு பேரும் பவுலர்! இதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. பவுலருக்கு ஒரு பந்தும் ஒரு சுவரும் போதும், தனியாகவே நூறு பந்து போடுவான். பேட்ஸ்மேன் காஜி வரும் வரை காத்துக்கொண்டு நிற்பான். பொறப்பில் வித்தியாசம் இல்லை, எண்ணிக்கையில் தான் வித்தியாசம்.

காஜி கொடுக்க ஆள் இல்லை என்றால் என்ன செய்வது? பிராட்மேன் சின்ன வயசில் பவ்ரல் என்கிற ஊரில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, தாறுமாறாகத் திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துக்கொண்டே இருந்தார். கூட ஆட ஆள் இல்லாமல் ஆரம்பித்த விளையாட்டு அது. டெஸ்ட் சராசரி 99.94. இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள், கேட்டுவிட்டு "அவர் ஜீனியஸ்" என்று முடித்துவிடுவார்கள். அந்தத் தொட்டி மேட்டரை வசதியாக மறந்துவிடுவார்கள்.

இதை ஒழுங்காகப் புரிந்துகொண்டவர்கள் பேஸ்பால்காரர்கள். பிட்சர் நிற்பது 18.44 மீட்டர் தூரத்தில். 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை செகண்டுக்கும் குறைவாக வந்து சேரும். கையில் இருப்பதோ உருண்டைக் கட்டை, நம்ம பேட் மாதிரி தட்டை இல்லை. பத்தில் மூணு அடித்தால் அவன் ஸ்டார். அதனால் அங்கே "பொறப்பு" பேச்சு எடுபடாது. ஒரு சீசனுக்கு 162 மேட்ச் ஆடுகிற பெரிய ஆட்கள்கூட தினமும் டீ-யில் பந்தை வைத்து அடிக்கிறார்கள். (குடிக்கிற டீ இல்லை சாமி, பந்தை உட்கார வைக்கும் குச்சி.) அப்புறம் ஒருத்தன் பக்கவாட்டில் உட்கார்ந்து பந்தை மெதுவாகத் தூக்கிப் போட, இன்னொருத்தன் வலைக்குள் அடிப்பான். பத்து நிமிஷத்தில் ஐம்பது பந்து.

அந்த ஐம்பதில் என்ன பார்ப்பது? வரிசை. முன்கால் ஊன்ற வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், அப்புறம் தோள், கடைசியில் தான் கை. காத்திவாக்கம் பையனுக்கு இதை விளக்க அமெரிக்க வீடியோ தேவையே இல்லை. முகத்துவாரத்தில் வீச்சு வலை போடுகிறவரைப் பார்த்தால் போதும். இடுப்பு முதலில், கை கடைசியில். கையை மட்டும் வீசினால் வலை விரியாது, பந்தும் போகாது. மிட்விக்கெட்டில் கேட்ச் கொடுக்கிற நம்ம ஆள் செய்வதும் இதுதான்: கை முந்திக்கொள்ளும், தலை தூக்கிக்கொள்ளும்.

இங்கே கோச் மார்கள் சண்டைக்கு வருவார்கள். "முதல்ல டொக்கு வைக்கக் கத்துக்கோ. என்ன பேஸ்பாலா ஆடுற?" என்பார்கள். இதுல என்ன காமெடின்னா, அந்தப் பையன் ஆடுவது கிட்டத்தட்ட பேஸ்பால் தான். சிமெண்ட் தரையில் குத்திய டென்னிஸ் பால் நெஞ்சு உயரத்துக்கு எழும்பும், அதற்கு நேர் பேட் எதற்கு ஆகும்? தோனியின் ஹெலிகாப்டர் ஷாட்டே ராஞ்சி டென்னிஸ் பால் ஆட்டத்தில் சந்தோஷ் லால் என்ற நண்பரிடம் கற்றுக்கொண்டது. ஜூலியன் வுட் என்ற இங்கிலாந்துக்காரர் பேஸ்பால் முறையைக் கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்தார், 2022 ஐ.பி.எல்-லில் பஞ்சாப் கிங்ஸ் அவரை அதற்கென்றே வைத்துக்கொண்டது. காசு வாங்கிக்கொண்டு சொன்னால் டெக்னிக், சந்தில் செய்தால் தப்பாட்டமா?

கோச் சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பேஸ்பாலில் பந்து குத்தாமல் வரும், நமக்குக் குத்தி வரும். நிற்கிற பந்தை மட்டும் ஆயிரம் தடவை அடித்தால் நிற்கிற பந்தை அடிக்கத்தான் வரும். டைமிங்குக்கு பாதி பிட்சிலிருந்து யாராவது எறிந்தே ஆக வேண்டும். அதோடு எந்தப் பந்தில் அவுட் ஆகிறோமோ அதையே கேட்டு வாங்க வேண்டும். 1998-ல் வார்ன் வருகிறார் என்றதும் டெண்டுல்கர் சென்னையில் என்ன செய்தார்? லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்சைக் கரடுமுரடாக்கி, லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை அங்கேயே போடச் சொல்லி அடித்துப் பழகினார். சேப்பாக்கம் டெஸ்டில் முதல் இன்னிங்ஸ் 4 ரன், வார்னிடமே அவுட். ரெண்டாவதில் 155 நாட் அவுட். அந்த 4 ரன்னோடு நிறுத்திவிட்டு "வார்ன் பந்து அவருக்கு வராது" என்று சொல்ல நல்லவேளை நம்ம கேப்டன் அங்கே இல்லை.

சென்னைக்காரர் தினேஷ் கார்த்திக் 2018 மார்ச் 18 அன்று கொழும்பில் 8 பந்தில் 29 அடித்தார், கடைசிப் பந்தில் சிக்ஸ். லக் என்றார்கள். அபிஷேக் நாயரோடு சேர்ந்து பழகியது யார் கண்ணிலும் படவில்லை.

காத்திவாக்கத்தில் இதற்கு ஆகும் செலவு என்ன? பழைய சாக்ஸில் ஒரு பந்தைப் போட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். ஒரு துண்டு பி.வி.சி பைப்பை நட்டால் டீ ரெடி. வலைக்காக அகாடமியில் மணிக்கணக்குக்குக் காசு கொடுக்கிறார்கள். எண்ணூர் குப்பங்களில் கிழிந்த வலைக்கா பஞ்சம்? கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். காயப்போட்டிருக்கிற நல்ல வலையில் கைவைத்தால் இடுப்பு, தோள், கை என்ற அதே வரிசையில் முதுகில் விழும்.