ஐம்பதாயிரமா, பதினைந்து லட்சமா?

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறிவிட்டு நிழலில் மூச்சு வாங்கிக் கொண்டிருந்தோம். கூட வந்த நண்பர் படித்தவர், உத்தியோகஸ்தர். "ஐம்பதாயிரம் வருஷத்துக்கு முன்பே குமரிக் கண்டத்தில் தமிழன் நகரம் கட்டி ஆண்டான், சார். விஞ்ஞானமே லெமூரியா என்று பெயர் வைத்திருக்கிறதே!" என்றார்.

பெயர் வைத்தது வாஸ்தவம். 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் வைத்தார். மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்ற பிராணிக்கு இந்தியாவில் தேவாங்கு எப்படி உறவாயிற்று? நடுவே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று ஊகித்தார். அதில் மனிதனும் இல்லை, தமிழனும் இல்லை. கண்டங்களே நகர்கின்றன என்று பின்னால் தெரிந்ததும் விஞ்ஞானம் அந்தக் குழந்தையைக் கைவிட்டது. நாம் எடுத்து வளர்க்கிறோம்! கடல்கோள் பற்றிப் பழைய நூல்கள் பேசுவது உண்மையே. ஐம்பதாயிரம் என்ற கணக்கு பிற்காலத்தார் ஒட்டியது.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கொற்றலையாற்றுப் படுகையில், அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கோடாரிகளைக் கண்டார். 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தார்கள். புதையல் எடுப்பது போல அல்ல. மண்ணை அடுக்கு அடுக்காக நீக்கி, ஒவ்வொரு கல்லும் எந்த அடுக்கில், எத்தனை ஆழத்தில் கிடந்தது என்று அளந்து எழுதிக் கொண்டு. இடம் தெரியாத கல் சாட்சிக் கூண்டில் ஏறாது. புதைந்த கல்லில் பெரிலியம், அலுமினியம் அணுக்கள் தேய்ந்த அளவைக் கொண்டு வயதைக் கணக்கிட்டார்கள். களிமண்ணில் பதிந்த பூமியின் காந்தத் திசையைத் தனியே சோதித்தார்கள். இரண்டும் ஒத்துப்போயின. 2011-ல் முடிவு வெளியாயிற்று: சுமார் 15 லட்சம் வருஷம்.

"அப்போதே தமிழன்..." என்று நண்பர் துள்ளினார்.

அதுதான் இல்லை. நம்மைப் போன்ற மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் வருஷந்தான். அந்தக் கோடாரியைச் செதுக்கியவன் வேறு ஆதி மனிதன். என்ன மொழி பேசினான் என்று கல் சொல்லாது, ஆராய்ச்சிக்காரர்களும் சொல்லவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார்கள். கதைக்காரர் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்! நம் கவலை இதுதான்: ஐம்பதாயிரத்தைக் கேட்டுச் சிரித்துப் பழகியவன், நாளைக்குப் பதினைந்து லட்சத்தைக் காட்டினாலும் சிரிப்பான்.

இறங்கும்போது நண்பர் கூரான கல் ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டார். பத்துப் படி இறங்கியதும், "எங்கே கிடந்தது, சார்?" என்று கேட்டோம். திரும்பிப் பார்த்தார். படியோரமெல்லாம் கல்.