பக்கவாதத்துக்குப் பிந்தைய மருத்துவத்தில் குடும்பப் பராமரிப்பாளரின் இடம்: நிலைப்பாட்டு அறிக்கை

நோக்கம்

மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அடைப்பு ஏற்படுவதாலோ அக்குழாய் வெடித்துக் கசிவதாலோ உண்டாகும் பக்கவாதம், உயிர் பிழைத்தவர்களில் பலரை ஒரு பக்கக் கை கால் செயலிழந்தும், பேச்சு குழறியும், விழுங்கும் திறன் குன்றியும் வீடு திரும்பச் செய்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைத் தகுந்த நோயாளிக்கு நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும் என்ற செய்தி இன்று ஓரளவு பரவியிருக்கிறது. அதன்பின் வரும் மாதங்களில் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பவரும் ஊட்டுபவரும் யார், அவருக்கு அவ்வேலையைக் கற்பிப்பவர் யார் என்ற வினா உரிய கவனம் பெறவில்லை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் பக்கவாத நோயாளிகளின் குடும்பங்களுக்காகப் பணியாற்றும் இவ்வமைப்பு, அவ்வினா குறித்த தன் நிலைப்பாட்டை இங்கே முன்வைக்கிறது.

வட்டாரச் சூழல்

முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் இயங்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், திண்டிவனம் அரசு மருத்துவமனையும், அண்டையிலுள்ள புதுச்சேரி ஜிப்மரும் இப்பகுதி மக்கள் நாடும் முதன்மையான இடங்களாகும். ஆயினும் நடக்க இயலாத ஒருவரை மேல்மலையனூர், மரக்காணம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் ஏற்றி, வாரந்தோறும் இயன்முறை சிகிச்சைக்கு, அதாவது பிசியோதெரபிக்கு, அழைத்துவருவது பெரும்பாலான குடும்பங்களுக்கு இயலாத செயலாகும். உடனிருப்பவர் பெரும்பாலும் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருப்பதாலும், நடவு, களையெடுப்பு, மணிலா (நிலக்கடலை) பறிப்பு போன்ற கூலி வேலைகளே அவர்களுடைய வருவாயாக இருப்பதாலும், ஒருவர் படுக்கையில் விழும்போது வீடு இருவரின் கூலியை இழக்கிறது.

பராமரிப்பாளர் செய்யும் பணியின் தன்மை

வீட்டில் நிகழும் இப்பராமரிப்பு பாசத்தால் மட்டும் செய்துவிடக்கூடியதன்று; நுட்பமும் பயிற்சியும் அதற்குத் தேவை. தாமாகப் புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால், எலும்பு அழுத்தும் இடங்களில் இரத்த ஓட்டம் தடைபட்டுப் படுக்கைப் புண் தோன்றும். விழுங்கும் திறன் சோதிக்கப்படாத நிலையில் படுத்தபடியே கஞ்சி புகட்டினால், அது உணவுக்குழாய்க்கு மாறாக மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கக்கூடும். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கும்போது, தசை இறுக்கம் இழந்த தோள்மூட்டு நழுவி நீங்கா வலியைத் தரக்கூடும். சொற்கள் வராமல் தவிக்கும் ‘பேச்சிழப்பு’ நிலையை அறிவு மங்கியதாகத் தவறாகக் கொண்டு, நோயாளியிடம் பேசுவதையே நிறுத்திவிடும் வீடுகளும் உள்ளன. நலம் தேறியதாக எண்ணி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவது மீண்டும் ஒரு பக்கவாதத்துக்கு வழி திறக்கிறது. இவை ஒவ்வொன்றும் முன்கூட்டியே கற்பித்தால் பெரிதும் தவிர்க்கக்கூடிய தீங்குகளாகும்.

ஆய்வுகள் உணர்த்துவது

லண்டனில் ஒரே மையத்தில் 300 நோயாளிகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, பராமரிப்பாளர்களுக்கு அளித்த பயிற்சி அவர்களுடைய சுமையையும் செலவையும் குறைத்ததாகக் கண்டது. ஆனால் பிரிட்டனின் 36 பக்கவாதப் பிரிவுகளில் அதே முறையைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில் அப்பயன் தென்படவில்லை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,250 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு, 2017இல் ‘தி லான்செட்’ இதழில் வெளியான ‘அட்டெண்ட்’ ஆய்வு, மருத்துவமனையில் தொடங்கி வீட்டில் இரண்டு மாதம் வரை குடும்பத்தாருக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளித்தது. எனினும் ஆறு மாத முடிவில் இறந்தோரும் பிறரைச் சார்ந்தோரும் சேர்ந்து, பயிற்சி பெற்ற, பெறாத இரு குழுக்களிலும் 47 விழுக்காடாகவே இருந்தனர். பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மருத்துவப் பணியாளர் செய்ய வேண்டிய மறுவாழ்வுச் சிகிச்சையைக் குடும்பத்தின் தோளில் ஏற்றிவிட்டு அதே பயனை எதிர்பார்க்க முடியாது என்பதே இவ்வமைப்பு இதிலிருந்து பெறும் பாடம்.

நிலைப்பாடு

குடும்பப் பராமரிப்பாளர் மருத்துவக் குழுவின் அங்கமாக ஏற்கப்பட்டு, பயிற்சியும் ஆதரவும் பெற வேண்டும். ஆனால் அவருடைய உழைப்பு, இயன்முறை மருத்துவர், செவிலியர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் இல்லாத குறையை மறைக்கும் திரையாக ஒருபோதும் பயன்படக் கூடாது. இந்நிலைப்பாட்டிலிருந்து பின்வரும் பரிந்துரைகள் எழுகின்றன.

1. நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன், திருப்புதல், ஊட்டுதல், தூக்கி அமர்த்துதல், மாத்திரை முறை ஆகியவற்றைப் பராமரிப்பாளர் தம் கையால் செய்துகாட்டும்வரை கற்பித்து, அதை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் பதிவுசெய்ய வேண்டும்.

2. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுசெல்வதால், மீட்சி மிகுதியாக நிகழும் முதல் மூன்று மாதங்களில் அவ்வருகை அடிக்கடி நிகழுமாறு, மருத்துவமனையே நோயாளியின் விவரத்தை வட்டாரப் பணியாளருக்கு நேரடியாகத் தெரிவிக்க வேண்டும்.

3. வீட்டுக்கு வரும் பணியாளர், பராமரிப்பாளரின் இரத்த அழுத்தம், முதுகுவலி, உறக்கம், மனச்சோர்வு ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும்.

4. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஊதியமின்றிப் பேணும் குடும்பத்தாரையும் ‘பராமரிப்பாளர்’ என ஏற்று, மிகுந்த ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகையைப் பற்றியும் கூறுவதால், தகுதியுடைய குடும்பம் அதற்கு விண்ணப்பிக்க மருத்துவமனையிலேயே வழிகாட்ட வேண்டும்.

5. பராமரிப்பை வீட்டுப் பெண்களின் இயல்பான கடமையாகக் கருதாமல், ஆண்களுக்கும் அதே பயிற்சியை அளிக்க வேண்டும்.

இவற்றுள் முதல் பரிந்துரைக்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. படுக்கையருகே செலவிடும் சிறிது நேரமும், கற்றதை உறுதிசெய்யும் ஒரு கையெழுத்தும் போதும். ஆகவே விழுப்புரம், திண்டிவனம் மருத்துவமனைகள் அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்று இவ்வமைப்பு வலியுறுத்துகிறது.