துணைமாந்தர்க்கு உயிர் கொடுத்தல்

மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, ஆளுக்கொரு வேடம் பூண்டு, வாய்மொழியாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டம், அமெரிக்க நாட்டில் 1974-ஆம் ஆண்டில் அச்சேறிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மூன்று சிறு புத்தகங்களோடு உலகிற் பரவலாயிற்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அதனை ஆக்கியோர். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு வீரனையோ மந்திரவாதியையோ தமக்குரியவனாகக் கொள்வர். ஏனைய மாந்தர் அனைவர்க்கும் வாயும் மனமுமாக இருப்பவர் ஆட்டத்தலைவர் ஒருவரே. வணிகனும் சத்திரக்காரியும் சிறைக்காவலனும் அவர் நாவினின்றே பேசுவர். இத்துணைமாந்தரை ஆடுவோர் நெஞ்சில் நிற்கச் செய்வது எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

விசித்திரமான குரல், கன்னத்தில் ஒரு தழும்பு, ஓயாத இருமல் என இவற்றைச் சேர்த்துவிட்டால் போதும் என்பார் பலர். 1979-இல் கைகாக்ஸ் எழுதி வெளிவந்த ஆட்டத்தலைவர் கையேட்டிலும், தோற்றமும் குணமும் பகடை உருட்டி அறிதற்குரிய அட்டவணைகள் உள. அவை அவசரத்திற்கு உதவும் என்பதை மறுப்பாரிலர். ஆயினும் தழும்பு முகத்தைத் தருமேயன்றி மனத்தைத் தாராது. இனி, ஒவ்வொரு கடைக்காரனுக்கும் பிறப்பு முதலாக நான்கு பக்கம் சரிதம் எழுதி வைப்போரும் உளர். அச்சரிதம் ஆட்டத்தலைவர் பெட்டியிலேயே உறங்கும், மேசைக்கு வாராது.

எம் கருத்து இது: துணைமாந்தன் எதையேனும் வேண்டி நிற்றல் வேண்டும், அதனைக் கொடுக்கவோ மறுக்கவோ ஆடுவோர்க்கு இயலவும் வேண்டும்.

இதற்குச் சான்று 1983-இல் வெளிவந்த 'ரேவன்லாஃப்ட்'. பாழடைந்த நிலவறையொன்றில், எக்காரணமுமின்றி நின்றிருந்த குருதி குடிக்கும் பேயை ஓர் ஆட்டத்தில் எதிர்ப்பட்ட டிரேசி ஹிக்மன், 'இவனுக்கு இங்கென்ன வேலை?' என்று வினவலாயினார். அவ்வினாவினின்று, அவரும் அவர்தம் மனைவியார் லாராவும் படைத்தவனே பரோவியா நாட்டுத் தலைவனாகிய ஸ்ட்ராட். தம்பி மணக்கவிருந்த பெண்மீது ஆசைகொண்டு தம்பியையே கொன்றவன் அவன், அவளையும் இழந்தான், சாவும் அவனுக்கு இல்லாதொழிந்தது. பன்னூறாண்டு கழிந்த பின்னும் அவள் முகச்சாயலை வேறொருத்தியிடம் காண்கின்றான். இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு: இவ்வாட்டத்தில் ஸ்ட்ராட் நாடுவது யாது என்பதைக் குறிசொல்வாள் எடுக்கும் சீட்டுகளே முடிவு செய்யும். ஆட்டத்துக்கு ஆட்டம் அவன் நாட்டம் மாறலாம்; நாட்டமின்றி அவன் ஒருநாளும் இரான். 2016-இல் அக்கதை புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தமைக்கு அவன் பற்களைக் காட்டிலும் அவன் ஏக்கமே காரணம் என்பது எம் துணிபு.

எளியோர்க்கும் இது பொருந்தும். படகோட்டி ஒருவன் உளன் எனக் கொள்வோம். மகளுக்குக் காய்ச்சல், இருட்டுமுன் வீடு சேர வேண்டும். வீரர்களோ நள்ளிரவில் அக்கரை செல்ல அவனை அழைக்கின்றனர். பொன்னைக் காட்டுவரா, வாளைக் காட்டுவரா, மருந்து தேடித் தருவரா? எதைச் செய்யினும் அவர்கள் அவனை மறவார். அவனும் அவர்களை மறவான்.

1974-ஆம் ஆண்டுப் புத்தகத்திலேயே இதற்கு இடமுண்டு. ஒருவனைத் தம்மோடு சேருமாறு அழைக்குங்கால் இரு பகடை உருட்டுவர். கூட்டுத்தொகை 2 ஆயின் தாக்க முற்படுவான். 12 ஆயின் உவந்து இணைவான். 6 முதல் 8 வரை ஆயின் மனந்துணியாது நிற்பான். முப்பத்தாறு வகை வீழ்ச்சியுள் பதினாறு இம்மூன்று எண்களையே தரும். துணியாது நிற்போனிடம் 'யாது சொன்னால் இணங்குவை?' என்ற பேச்சு பிறக்கின்றதன்றோ! அங்கே பகடையை மீண்டும் உருட்டிவிட்டு நகர்வோர் ஆட்டத்தின் சுவையையே இழக்கின்றனர்.

'சத்திரக்காரனைக் கொன்று பெட்டியை எடுத்தோம்' என்று நகைத்துப் பேசும் ஆட்டக்காரரைப் பலரும் பழிக்கின்றனர். பழி அவர்க்கு மட்டுமோ? கேட்டதற்கு விடை கூறி, விலை சொல்லி, வாயடைத்து நிற்கும் மரப்பாவையாக அச்சத்திரக்காரனை நிறுத்தியவர் யார்? 1980-ஐ ஒட்டித் தொடக்கநிலை ஆட்டப்பெட்டியுடன் வந்த 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்னும் கதையில் கோட்டைத்தலைவனும் கொல்லனும் பெயரின்றிப் பதவியாலும் தொழிலாலும் மட்டுமே குறிக்கப்படுகின்றனர். பெயரிடும் பொறுப்பை அவ்வாசிரியர் ஆட்டத்தலைவர்க்கே விட்டார். விட்டதை எடுத்துக்கொள்ளாதவர் பலர். மறுபுறம், தாம் படைத்த மாவீரனிடம் மயங்கி, எல்லா வெற்றியையும் அவனுக்கே அளிக்கும் ஆட்டத்தலைவரும் உளர். அவர்தம் மேசையில் ஏனையோர் கைகட்டிக் கதை கேட்க வேண்டியதே. (அத்தகையோர் பொதுவாக நெடுநேரம் பேசுவர்.)

ஆட்டத்தலைவராக அமரும் மாணவ அன்பர்க்கு ஒரு சிறு குறிப்பேடு போதும். பெயர் எளிதில் நாவில் வருவதாக இருக்கட்டும். அதன்கீழ் இரண்டே வரி: அவன் வேண்டுவது ஒரு வரி, வீரர்கள் அவனுக்குச் செய்தது மற்றொரு வரி. அடுத்த கிழமை அப்படகோட்டி துறையில் மீண்டும் நிற்குங்கால், முதலிற் படிக்கவேண்டியது இரண்டாம் வரி.