ஏகமனது!

ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது! கேட்கும்போதே காதுக்குக் குளிர்ச்சி! சண்டை இல்லை, சச்சரவு இல்லை, போட்டி இல்லை, பொல்லாங்கு இல்லை. பத்து மணிக்குக் கூடினார்கள், பதினொரு மணிக்குக் கலைந்தார்கள். இடையிலே தேநீரும் வந்தது. பள்ளி மேலாண்மைக் குழு அமைந்துவிட்டது. தீர்மானப் புத்தகத்தில் வரி ஏறிவிட்டது. மேலிடத்துக்கு அறிக்கை போய்விட்டது. இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள்.

தேர்தல் வேண்டும் என்கிறோம் நாம்.

தோழர்களே, சட்டமன்றத் தேர்தல் என்றால் சுவரெல்லாம் எழுதுகிறோம். ஊராட்சித் தேர்தல் என்றால் உறவெல்லாம் முறித்துக்கொள்கிறோம். நம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் ஒரு தேர்தல் உண்டு என்பது நம்மிலே எத்தனை பேருக்குத் தெரியும்? 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்டோர், நலிந்தோர் வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்தம் அளவுக்கேற்ற இடம் இருக்க வேண்டும். தலைமையாசிரியர், ஆசிரியர், உள்ளாட்சி உறுப்பினர், கல்வியில் நாட்டமுள்ளோர் எல்லாம் மீதிக் கால் பங்குக்குள்ளே அடக்கம். (கட்டணம் கறக்கும் தனியார் பள்ளிக்கு இந்தப் பிரிவே கிடையாது. அங்கே பணம் கட்ட மட்டும் பெற்றோர்!) தமிழ்நாட்டிலே 2022-இல் குழுவுக்கு 20 பேர் என்று வைத்து மறுகட்டமைப்பு நடந்தது. 2024-இல் முன்னாள் மாணவரையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தலைவர் பதவி பெற்றோருக்கே. பதவிக்காலம் இரண்டாண்டு.

வரம்பில்லாத அதிகாரம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் வெறும் அலங்காரமும் அன்று அது. பள்ளி நடக்கும் விதத்தைக் கண்காணிக்கலாம். வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கணக்குக் கேட்கலாம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டலாம். கழிப்பறைக்குத் தண்ணீர் முதலிலா, வாசலுக்கு வளைவு முதலிலா என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் இந்த உறுப்பினர்களே. 2022-இல் தற்காலிக ஆசிரியரை நியமிக்கும் பொறுப்பும் இக்குழுக்களின் கைக்கு வந்தது. தொடக்கத்தில் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்றார்கள். அந்தச் சிறு தொகைக்குக்கூட யார் மருமகள், யார் மைத்துனன் என்ற கேள்வி எழுந்தே தீரும். ஆகவேதான் அந்த நாற்காலியில் யார் அமர்கிறார் என்பது அற்பமான கேள்வி அல்ல.

நாம் கண்ணால் கண்ட கூட்டம் ஒன்றைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். உங்கள் ஊர் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

வேப்ப மரத்தடியில் பெற்றோர் கூடியிருந்தனர். முன் வரிசை நாற்காலி, பின் வரிசை பெஞ்சு, அதற்கும் பின்னே தரை. யார் எங்கே என்று எவரும் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய அவசியமும் நேரவில்லை! ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் நகரத்திலே ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறார்கள். ஆயினும் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தவர் அவரே. பெயர்கள் படிக்கப்பட்டன. “யாருக்காவது ஆட்சேபணை உண்டா?” என்று கேட்கப்பட்டது. காகம் ஒன்று கரைந்தது. வேறு குரல் இல்லை.

அப்போது தரையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். காலனித் தெருவைச் சேர்ந்தவர். “எம் பேரையும் எழுதுங்கய்யா. எம் புள்ள ரெண்டும் இங்கதான் படிக்குது” என்றார்.

“ஒங்க தெருவுக்கு ஒருத்தி பேரு எழுதியாச்சு தாயி. அது போதும், உக்காரு.”

உட்கார்ந்துவிட்டார். விளங்காமல் உட்காரவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பெரியவரின் நிலக்கடலைக் காட்டில் அவருக்குக் களை எடுக்கும் வேலை இருந்தது. அந்தத் தெருவுக்கென்று எழுதப்பட்ட பெண்ணோ கூட்டத்துக்கே வரவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு நாள் கழித்து, வீட்டு வாசலில் நிறுத்திக் கையெழுத்து வாங்கப்பட்டது. புத்தகத்தில் எழுதப்பட்ட சொல்? ஏகமனதாக!

இந்த ஏகமனதுக்குள் எத்தனை மனம் இருந்தது? ஒரே மனம். அது சட்டைப் பைக்குள் இருந்தது. மற்றவருக்கு இருந்தது மௌனம். மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பார்கள். கூலிக்கு அஞ்சியவளின் மௌனமும், கடன்பட்டவனின் மௌனமும், சாதிக்கு அடங்கியவனின் மௌனமும் சம்மதமா? சட்டத்தின் 21-ஆம் பிரிவு யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்கிறது. கையைத் தூக்கியா, சீட்டைப் போட்டா என்று சொல்லாமல் விட்டுவிட்டது. அந்தச் சின்னஞ்சிறு ஓட்டை வழியாகத்தான் பழைய ஊர்க்கட்டு முழு உருவத்தோடு பள்ளிக்குள் நுழைகிறது. எவன் பார்க்கக் கையைத் தூக்க வேண்டுமோ, அவனே எதிரில் அமர்ந்திருக்கும்போது கை எப்படி எழும்?

ஊர் ஒற்றுமை என்ற பெயரால் நடந்ததை நாம் மறந்துவிட்டோமா? மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல். இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால், 1996 முதல் 2006 வரை பத்தாண்டு காலம் அங்கே முறையான தலைவர் அமர முடியவில்லை. மனுப் போட ஆள் இல்லாமல் செய்தார்கள். போட்டு வென்றவரை உடனே விலகச் செய்தார்கள். அதுவும் ஊர் கூடி எடுத்த முடிவுதான்! மேலவளவில் அந்த முடிவுக்கு அடங்காமல் நின்று வென்றார் முருகேசன். 1997 சூன் 30 அன்று அவரையும் அவரோடு ஐவரையும் வெட்டிச் சாய்த்தார்கள். தலைவர் பதவியை ஏலம் விட்டு, பணத்தைக் கோயிலுக்கு என்று எழுதி வைத்துவிட்டு, “போட்டியின்றித் தேர்வு” என்று மாலை போடும் ஊர்களும் உண்டு. குஜராத்திலே 2001 முதல் ‘சம்ரஸ்’ என்ற திட்டம் இருக்கிறது. தேர்தலே நடத்தாமல் ஊராட்சியை அமைக்கும் ஊருக்கு அரசாங்கமே பரிசுப் பணம் கொடுக்கும் திட்டம் அது. வாயை மூடியதற்குக் கூலி!

“பள்ளிக்கூடத்திலும் அரசியலா? தேர்தல் வைத்தால் ஊர் இரண்டுபடுமே!” என்று கவலைப்படும் நல்லவர்களுக்கு ஒரு சொல். ஊர் ஏற்கெனவே இரண்டாகத்தான் இருக்கிறது. ஊர் என்றும் சேரி என்றும் பெயர்கூட வைத்திருக்கிறீர்கள். 2018-இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றிலே, சமைப்பவர் தாழ்த்தப்பட்ட பெண் என்பதற்காகச் சத்துணவுக்கு எதிர்ப்புக் கிளம்பியதே, அது எந்த வாக்குச்சீட்டால் வந்த பிளவு? அப்படிப்பட்ட நாளில் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று பேசக் குழுவிலே நாலு பேர் வேண்டும். சட்டைப் பைத் தாளில் அந்த நாலு பேர் வருவார்களா?

“எழுத்தறியாதவர்கள் பள்ளியை நடத்துவதா?” என்று கேட்போரும் உண்டு. 1952-இல் முடிந்த முதற்பொதுத் தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோர் வேட்பாளருக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு சின்னம் என்ற முறையிலே இரகசியமாக வாக்களித்து ஆட்சிகளை அமைத்தார்கள். நாட்டுக்கு ஆகும் அறிவு நாலு வகுப்பறைக்கு ஆகாதா? எழுத்தறிந்த மேதைகள் கையில் விட்டதன் பலனையும் கண்டோம். 1953-இல் இராசகோபாலாச்சாரியார் கிராமப் பிள்ளைக்கு அரை நாள் பள்ளி போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்றார். எந்தத் தாயைக் கேட்டார்? எந்தத் தகப்பனைக் கேட்டார்? குலக்கல்வி என்று பெயர் சூட்டி நாடே கொதித்தது. 1954-இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அன்று கோட்டையிலே நடந்ததைக் கேட்கத் துணிந்தவர்களின் வழிவந்த நாம், இன்று வேப்ப மரத்தடியில் நடப்பதைக் கேட்க அஞ்சுகிறோம்!

பெண்களுக்குப் பாதி இடம் கொடுத்தோம் என்ற பெருமையையும் சற்றுத் திருப்பிப் பார்ப்போம். தலைவி என்று ஒரு பெண்ணின் பெயர் பலகையில் இருக்கும். பேசுவது அவர் கணவர். 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை என்று தீர்மானித்த நாடு இது. ஒரு நாற்காலியிலே அவரைத் தாமாக உட்கார விடுவதற்கு இன்னும் எத்தனை மாநாடு வேண்டும்?

இனி நம் முறை. ஆசிரியர்களாகிய நம்மைத்தான் சொல்கிறோம். கேள்வி கேட்காத குழு நமக்கு வசதி. வேலைநாளின் பிற்பகலில் கூட்டம் வைப்போம். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு எவராலும் வர முடியாது. “அக்கறையற்ற பெற்றோர்” என்று ஆசிரியர் அறையில் அமர்ந்து குறை பேசுவோம். பிறகு புத்தகத்தை மாணவன் கையில் கொடுத்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவோம். அன்று அந்தத் தாய் எழுந்து நின்றபோது நாம் என்ன செய்தோம்? தீர்மானப் புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டம் பெற்ற வாய் திறக்கவில்லை! பெரியவரின் காட்டிலே நமக்குக் களை வேலைகூட இல்லை.

படிப்பகத்திலும் மன்றத்திலும் கூடும் இளைஞர்களே! அடுத்த மறுகட்டமைப்பு வரும்போது, கூட்ட நாளுக்கு ஒரு வாரம் முன்பே தெருத்தெருவாகச் சென்று சட்டம் தந்த பங்கைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக நாள் கேளுங்கள். ஒரு பெயருக்கு மேல் வந்தால் சீட்டுப் போடச் சொல்லி எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். செலவாகுமே என்பார்கள்.

ஆகாது. நம் வகுப்பிலே ஆண்டுதோறும் மாணவர் தலைவனைத் தேர்ந்தெடுக்கிறோம். காலியான சாக்பீஸ் பெட்டியின் மூடியிலே பிளேடால் ஒரு கீறல் போட்டுப் பெட்டியாக்கினோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையால் மறைத்துக்கொண்டு எழுதி, மடித்துப் போடுகிறார்கள். சென்ற முறை வென்றவள் அந்தத் தாயின் மகள். அந்தப் பெட்டி இன்னும் நம் அலமாரியிலேதான் இருக்கிறது.