சராசரியில் மறைந்தவர்கள்



ஒரு நாட்டின் மருத்துவத் துறை தன் கடமையை எவ்வளவு நன்றாக ஆற்றுகின்றது என்பதை எதைக் கொண்டு அளப்பது? கட்டடங்களைக் கொண்டா? மருத்துவர்களின் தொகையைக் கொண்டா? செலவிடும் பணத்தைக் கொண்டா? உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் இதற்கு விடை காண முயன்று, 191 நாடுகளை வரிசைப்படுத்தி ஓர் அறிக்கை வெளியிட்டது. பிரான்சு முதலிடம் பெற்றது, இத்தாலி இரண்டாமிடம். பணத்தை வாரி இறைக்கும் அமெரிக்காவுக்கு 37-ஆம் இடமே கிட்டியது. இலங்கை 76; நம் இந்தியா 112. மூன்றாமிடத்தில் நின்றது, இத்தாலியால் சூழப்பட்ட சான் மரீனோ என்னும் குட்டி நாடு. புனித மரீனுஸ் பெயரைத் தாங்கிய அந்நாட்டின் மக்கள் எல்லாரையும் சேர்த்தாலும் முப்பதாயிரத்தை ஒட்டியே வரும். நம் மயிலாடுதுறை நகரத்தாரில் மூன்றில் ஒரு பங்கினர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிறிய நாட்டை அளப்பதில் உள்ள இடர்ப்பாடு இங்கேயே தொடங்கிவிடுகின்றது. ஆண்டுக்குச் சில நூறு குழந்தைகளே பிறக்கும் இடத்தில் ஒரு தாய் பேறுகாலத்தில் இறந்தால், லட்சத்துக்கு இத்தனை என்று கணக்கிடுகையில் அந்த எண் நூற்றுக்கணக்கில் எகிறிவிடும். அடுத்த ஆண்டு எவரும் இறக்காவிடில் சுழியாகிவிடும். இவ்விரண்டு எண்களுமே அந்நாட்டு மருத்துவமனையின் தரத்தைச் சொல்லிவிடா. மேலும், பல நாடுகளில் சரியான கணக்கே இல்லாமையால் ஊகித்துப் பெற்ற எண்களை வைத்தே அவ்வரிசை அமைந்தது. அறிஞர் பலர் குறை கூறவே, அந்நிறுவனம் அத்தகைய வரிசையை மீண்டும் வெளியிடவில்லை. எனினும் அவ்வறிக்கையில் நமக்குப் பிடித்த ஒன்று உண்டு. உடல்நலம் எல்லாருக்கும் ஒப்பக் கிடைக்கின்றதா என்றும், நோயாளியை மரியாதையோடு நடத்துகின்றார்களா என்றும் அது கேட்டது. மருந்துச் சீட்டுக்காக வரிசையில் கால்கடுக்க நின்ற எவரும் இரண்டாம் கேள்வியை வீணென்று சொல்லமாட்டார்.

எண்ணிப் பார்த்தல் திருச்சபைக்குப் புதிதன்று. இறந்தோர் பதிவேடு ஒன்றைப் பங்குதோறும் பேண வேண்டுமென்று 1614-ஆம் ஆண்டின் உரோமைத் திருச்சடங்கு நூல் பணித்தது. 1662-இல் ஜான் கிரான்ட் என்னும் இலண்டன் நகரத்து வணிகர், அந்நகரின் கோவிற்பற்று எழுத்தர்கள் வாரந்தோறும் தொகுத்த மரணப் பட்டியல்களை ஆராய்ந்து, எந்நோயால் எத்தனை பேர், எவ்வயதில் எத்தனை பேர் மடிகின்றனர் என்று கணித்தார். மக்கள் நலத்தை எண்ணால் அளக்கும் கலைக்கு அதுவே தொடக்கம் எனலாம். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. பதிவேட்டில் பெயர் இருக்கும். புள்ளிவிவரத்தில் பெயர் இராது.

இரண்டையும் ஒருங்கே பேண முயன்ற நாடாகவே நாம் இலங்கையைக் காண்கின்றோம். 1930-களில் அங்கே லட்சம் பிள்ளைப்பேறுகளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் மடிந்தனர். அண்மைய பத்தாண்டுகளில் அது முப்பதிலிருந்து நாற்பது என்ற அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. செல்வச் செழிப்பால் வந்த வெற்றியன்று இது. மருத்துவத்துக்கு அந்த அரசு நெடுங்காலம் செலவிட்டது நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு இரண்டு என்ற அளவை ஒட்டியே. 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிற்று. பின்னர் அத்தகைய பிரிவுகள் நாடெங்கும் பரவின. சில ஆயிரம் மக்களுக்கு ஒரு மருத்துவமாது என்று அமர்த்தப்பட்டு, தன் எல்லைக்குள் கருவுற்ற பெண்களின் பெயர்களை எல்லாம் ஏட்டில் எழுதி, வீடு தேடிச் சென்று பார்ப்பது அவர் கடமையாயிற்று. ஒரு தாய் இறந்துவிட்டால் அதை அறிவிக்க வேண்டும். எங்கே தாமதம் நேர்ந்தது, வண்டி கிட்டவில்லையா, குருதி கிட்டவில்லையா என்று அந்த ஒரு மரணத்தையே ஆராய வேண்டும். பெண் கல்விக்கும் இவ்வெற்றியில் பெரும் பங்குண்டு என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும், இறந்தவர் எவர், ஏன் இறந்தார் என்று ஒவ்வொரு முறையும் கேட்ட பழக்கமே எண்ணைத் தாழ்த்தியது என்பது நம் துணிபு. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்கே தட்டுப்பாடு நேர்ந்து அந்நாடு தத்தளித்ததும் உண்மையே.

ஆனால் அந்நாட்டின் புகழுக்குள்ளேயே ஒரு பள்ளம் மறைந்து கிடந்தது. தஞ்சை, திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து நம் முன்னோர் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றனர் அல்லரோ? அவர்களின் வழிவந்தோரில் மிகப் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். தோட்டத்து மருத்துவம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. நாடெங்கும் சென்ற மருத்துவமாது லயத்து வாசலுக்கு நெடுங்காலம் எட்டவில்லை. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் வந்தபோது, நாட்டின் சராசரி ஆயிரம் குழந்தைகளுக்கு ஐம்பது மரணங்களை ஒட்டி நிற்க, தோட்டங்களில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான பச்சிளங் குழந்தைகள் மடிந்தன. சராசரி பொய் சொல்லவில்லை. ஆனால் மலையகத்துத் தாயின் அழுகை அதில் கேட்கவில்லை. காணாமற்போன ஆட்டைத் தேடிய நல்ல மேய்ப்பனுக்கு நூறில் ஒன்று குறைந்தது தெரிந்தது எப்படி? அவன் எண்ணியிருந்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பது நல்ல மதிப்பெண்தான் என்று அவன் மனநிறைவு கொள்ளவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 2018-லிருந்து 2020 வரையிலான கணக்கின்படி லட்சம் பிள்ளைப்பேறுகளுக்கு இறந்த தாய்மார் இந்தியாவில் 97, தமிழகத்தில் 54, கேரளத்தில் 19. நாம் நடுவே நிற்கின்றோம். இந்த 54 என்பது மாநிலம் முழுமைக்குமான எண். அது சென்னைக்கும் பொருந்தும், கொள்ளிடக் கரைக் குக்கிராமத்துக்கும் பொருந்தும். ஆகவே எதற்கும் சரியாகப் பொருந்தாது. கோடு கிழிக்கும் இடத்தைப் பொறுத்துக் கணக்கு எவ்வாறு மாறும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை நாகையிலிருந்து பிரிந்தது. 2022 ஜனவரியில் நாகையில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பழைய ஏட்டில் அது நம் மாவட்டத்துக் கல்லூரியாக இருந்திருக்கும். பிரிந்தபோது சாலையின் தொலைவு ஓர் அடியும் மாறவில்லை. ஏட்டில் மட்டும் நம் கட்டம் வெறுமையாயிற்று.

தமிழகத்திலும் தாய் மரணம் ஒவ்வொன்றையும் ஆராயும் முறை உண்டு. கருவுற்றிருக்கையிலோ, பேறு முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, பேற்றின் தொடர்பாக நேரும் சாவு இதில் அடங்கும். நம் பக்கத்து வழக்கப்படி பெண் தாய்வீட்டுக்குச் சென்றுவிடுகின்றாள். இறப்பு ஓர் ஊரில், பதிவு வேறோர் ஊரில், குடும்பம் மூன்றாம் ஊரில் என்றாகிவிடின், அவளை எந்த ஏட்டிலும் தேடிப் பிடிக்க முடியாமற் போகலாம். ஆகையால் அத்தகைய துயரம் நேர்ந்த வீட்டார், 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்வதோடு, தங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் நடந்ததைச் சொல்லுங்கள். அடக்கத்துக்கு எழுத வரும்போது நம்மிடமும் காரணத்தை மறைக்காமல் கூறுங்கள். மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் நடைபெறும் ஆய்வுக்கு உறவினரை அழைப்பதுண்டு. அழைப்பு வந்தால், நம்மேல் பழி போடுவார்களோ என்றஞ்சி வீட்டில் இருந்துவிடாதீர்கள். துணைக்கு ஆள் வேண்டுமெனில் பங்கு இல்லத்துக்குச் சொல்லியனுப்புங்கள், நாம் உடன் வருவோம்.