சொல்லை நாடுகடத்த முடியுமா?



போர்த்துக்கேயர் என்றதும் கப்பலும் பீரங்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவர்களது நாட்டைச் சுற்றிப் பார்க்கச் செல்பவர்களோ அங்கே நமக்கு நெருக்கமான இன்னொரு வரலாற்றையும் காண்கிறார்கள். அதை நீங்கள் அறிவீர்களா?

கி.பி. 711இல் தாரிக் இப்னு ஸியாத்தின் படை ஸ்பெயின் மண்ணில் இறங்கியது. சில ஆண்டுகளிலேயே இன்றைய போர்த்துக்கலின் பெரும்பகுதியும் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தது. அரபிகள் அப்பகுதியை 'அல்கர்ப்', அதாவது மேற்கு என்றனர். நாட்டின் தென்பகுதிக்கு இன்றும் 'அல்கார்வ்' என்றுதான் பெயர்.

பின்னர் வடக்கிலிருந்து கிறிஸ்தவ மன்னர்கள் முன்னேறினார்கள. போர்த்துக்கலின் முதல் மன்னர் அபொன்சோ ஹென்றிக்கஸ், சிலுவைப் போர் வீரர்களின் துணையுடன் 1147இல் லிஸ்பனைப் பிடித்தார். 1249இல் தெற்கே ஃபாரோ நகரும் வீழ்ந்தது.

தோற்ற முஸ்லிம்கள் பலர் அங்கேயே தங்கினார்கள். லிஸ்பன் கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட 'மௌராரியா' என்ற பகுதி இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. ஆனால் 1496 டிசம்பரில் மன்னர் மனுவேல், யூதர்களும் முஸ்லிம்களும் நாட்டை விட்டு வெளியேற வேண்டுமெனக் கட்டளையிட்டார். அடுத்த ஆண்டு வாஸ்கோ ட காமாவை இந்தியாவுக்கு அனுப்பியவரும் இவரே.

அந்தக் கடல்வழியால் இலங்கைக்கு வந்தவர்கள் இங்கும் அதையே செய்தார்கள். 1626இல் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னர் செனரத் அவர்களில் பலரை ஆதரித்துக் கிழக்கிலே குடியேற்றினார்.

மனிதரை விரட்டலாம், அவர்கள் விட்டுச் சென்ற அடையாளங்களை விரட்டுவது எளிதல்ல. போர்த்துக்கலின் மெர்தோலா ஊர்த் தேவாலயம் ஒரு காலத்தில் பள்ளிவாசல். அதன் மிஹ்ராபை இன்றும் அங்கே பார்க்கலாம். போர்த்துக்கேயர் ஒலிவ் எண்ணெயை 'அஸெய்த்' என்கிறார்கள். 'அஸ்ஸைத்' என்ற அரபுச் சொல்தான் அது. நல்லது நடக்க வேண்டுமென விரும்பும்போது அவர்கள் சொல்லும் 'ஒஷலா'வும் 'அல்லாஹ் நாடினால்' என்ற அரபுத் தொடரிலிருந்து பிறந்ததே.

நம் வீட்டுக்குள்ளும் பாருங்கள். அலுமாரி, மேசை, சப்பாத்து, காலையில் உண்ணும் பாண் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். 1658இல் அவர்களின் ஆட்சி இங்கே முடிந்தது. சொற்கள் மட்டும் நம்மோடு தங்கிவிட்டன.

பிள்ளைகள் சரித்திரப் பாடம் படிக்கும்போது பீரங்கிக் கதையோடு இந்தச் சொற்களின் கதையையும் சொல்லிக் கொடுங்கள். பகைத்தவர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டுதான் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் அறியட்டும்.